மேளம் மாறும் இடம்

எங்கள் பக்கத்து எல்லைகள் எல்லாம் யாரோ ஒருவருடைய அவசரத்தில் பிறந்தவை. 1690இல் கும்பினிக்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, அதைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும் என்று அளக்க ஆள் அனுப்பவில்லை. பீரங்கியைச் சுட்டார்கள். குண்டு போய் விழுந்த இடம் வரை தங்களுடையது என்றார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்களில் சில இன்றும் பெயருக்கு முன்னால் 'குண்டு' என்பதைச் சுமந்துகொண்டு கடலூரை ஒட்டி இருக்கின்றன. குண்டு விழுந்த வயலில் உழுதுகொண்டிருந்தவரிடம் யாரும் எதுவும் கேட்டதாகக் குறிப்பு இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊரின் எல்லை குண்டில் வந்ததல்ல. கடலூரிலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டி வடக்கே போனால் தமிழ்நாடும் பாண்டிச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று விரல் கோத்துக் கிடக்கும். ஓர் ஊர் இங்கே, அடுத்தது அங்கே, அதற்கடுத்தது மறுபடியும் இங்கே. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பிடித்து, விட்டு, திருப்பிக் கொடுத்து, கடைசியில் அலுத்துப்போய் நிறுத்திய இடத்தில் நின்றுவிட்ட கோடு அது. 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படியும் முடிந்தது. கோடு மட்டும் போகவில்லை. அது எங்கள் தெருவின் குறுக்கே ஓடியது. அதற்கு அடையாளமாக, எங்கள் வீட்டின் வடக்கு மூலையில், தெருவோரத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நின்றது.

கல்லில் ஏதோ எழுத்து இருந்தது. அது எந்த மொழி என்றுகூடச் சொல்ல முடியாதபடி தேய்ந்திருந்தது. ஆனால் அதை வாசிக்கத் தெரியாதவர் எங்கள் தெருவில் இல்லை. கல்லுக்கு அந்தாண்ட சீசா வாங்கியவர் அங்கேயே நின்று குடித்து முடித்துவிட்டுத்தான் இந்தாண்ட கால் வைப்பார். இந்தாண்ட மின்சாரம் போனால் அந்தாண்ட ரேடியோ பாடும். ஆகஸ்ட் பதினைந்துக்கு எல்லோருக்கும் விடுமுறை. பதினாறுக்கு அந்தாண்டப் பிள்ளைகளுக்கு மட்டும். பதினாறாம் தேதி காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு போகும்போது அவர்கள் கல்லின் மேல் ஒவ்வொருவராக ஏறிக் குதித்துக்கொண்டிருப்பார்கள். அப்பா சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். அங்கேயே தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை விடியலில் திரும்பிவிடுவார். அச்சுப் பிசகிய நாட்காட்டிகளை எனக்குக் கொண்டுவருவார். நான் அவற்றில் ஒன்றை இந்தாண்டைக்கும் ஒன்றை அந்தாண்டைக்கும் என்று வைத்துக்கொண்டு, யாருக்கு விடுமுறை அதிகம் என்று வருடம் முழுவதும் வயிறெரிந்துகொண்டிருந்தேன். தேதிகளின் மேல் எனக்குள்ள பைத்தியம் அப்படித்தான் தொடங்கியது.

எல்லாவற்றையும்விட அந்தக் கல்லுக்கு இருந்த பெரிய மரியாதை மாசி மகத்தன்று தெரியும். ஊர்ச்சாமி தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்த் தீர்த்தவாரி முடிந்து திரும்பும்போது, கல்லண்டை மேளம் மாறும். தெற்கிலிருந்து வாசித்துக்கொண்டு வந்த இந்தாண்ட மேளக்காரர்கள் கல்லருகே வந்ததும் கையை எடுத்துவிடுவார்கள். அங்கே காத்திருக்கும் அந்தாண்டக்காரர்கள் எடுத்து வாசிப்பார்கள். இரண்டு மேளத்துக்கும் நடுவிலுள்ள அந்தச் சின்ன மௌனத்தில் எதிர்வீட்டு மாமா தன் வாசலில் நின்றபடி ஒரு தேங்காயை உடைப்பார். அவர் வீட்டுக்கு வழிவழியாக உள்ள உரிமை அது. அரசாங்கங்கள் மாறியது பற்றி அவருக்குக் கருத்தில்லை. மேளம் மாறுவது பற்றி உண்டு.

அந்த வருடம் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. எங்களுக்கு அந்தாண்டப் பள்ளிக்கூடம்தான் பக்கம் என்பதால் அவள் ஆறாவதிலிருந்தே அங்கே படித்தாள். நான்தான் பிடிவாதம் பிடித்து என் சிநேகிதிகளோடு இந்தாண்டப் பள்ளியில் சேர்ந்து, ஆகஸ்ட் பதினாறை இழந்தவள். அக்காவுக்கு இன்ஜினீயரிங் படிக்க வேண்டும். இந்தாண்ட இருந்த தனியார் கல்லூரிகள் கேட்ட நன்கொடைக்கு அப்பா வேலை பார்த்த அச்சகத்தையே விற்றாலும் போதாது. பாண்டிச்சேரி அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு நாங்கள் பாண்டிச்சேரியில் குடியிருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். நாங்களோ கல்லுக்குத் தெற்கே இருந்தோம். அக்காவோ படித்துக்கொண்டே இருந்தாள். நடந்துகொண்டே படிப்பாள். கூடத்தில் சுவருக்குச் சுவர் போய்த் திரும்புவாள்.

அவளோடு இன்னொருவரும் நடந்துகொண்டிருந்தார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, ஒன்பது வருடமாக அழைப்புக்காகக் காத்திருந்தவர். அந்தப் பதிவு அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். சட்டை மாற்றினால் அட்டையும் மாறும். உட்கார்ந்து அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்தி அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். தபால்காரர் வரும் நேரம் வரை வாசல் பக்கம்; போன பிறகு அடுக்களைப் பக்கம். அம்மா இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது அவர் அரை நிஜாரில் இருந்தாராம்.

"உக்காந்து தின்னா வேலை வராதுன்னு யாரு சொன்னாங்க தம்பி?" என்பாள் அம்மா.

"ஆடர் வந்துதுன்னா உடனே கிளம்பணும் இல்ல அண்ணி. கை கழுவ டைம் இருக்காது."

சான்றிதழுக்கு மனு கொடுத்ததும் அவர்தான். விசாரணைக்கு ஆட்கள் வருவார்கள் என்று அந்தாண்டப் பாகூர் தாலுகா அலுவலகத்திலிருந்து தகவல் வந்த நாளிலிருந்து அவருடைய நடை வேகமெடுத்தது. வாசலுக்குப் போய்க் கல்லைப் பார்ப்பார். உள்ளே வருவார். மறுபடியும் போய்ப் பார்ப்பார்.

மாசி மகத்தன்று எனக்குக் கால் சுளுக்கு. கொய்யா மரத்திலிருந்து விழுந்து, உளுந்து மாவும் முட்டையும் குழைத்துக் கட்டிய கணுக்காலோடு ஜன்னலோரம் கிடந்தேன். ஊரே கடற்கரைக்குப் போய்விட்டது. அம்மாவும் அக்காவும் போனார்கள். "பாப்பாவுக்குத் தொணைக்கு நான் இருக்கறேன்" என்று சித்தப்பா நின்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடலுக்குப் போகாமல் அவர் ஒரு மாசி மகத்தையும் விட்டதில்லை.

உச்சி வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. கிணற்றடியிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனார். கல்லைச் சுற்றிக் குத்த ஆரம்பித்தார். முழங்கால் உயரக் கல் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தோண்டத் தோண்ட அது போய்க்கொண்டே இருந்தது. வெளியே தெரிந்ததைவிட உள்ளே இருந்தது அதிகம். அவர் இரண்டு முறை குழியோரத்தில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டார். கடைசியில் கோணிப்பையைப் போட்டு, கயிற்றைக் கட்டி, கல்லைச் சாய்த்து இழுத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி வீட்டின் தெற்கு மூலைக்குப் போனார். அங்கே புதுக்குழி. அதில் நட்டு, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, அதன் மேல் கொஞ்சம் பழைய தூசியைத் தூவினார். பழைய குழியை மூடி அதன் மேல் எங்கள் வைக்கோல் கட்டு ஒன்றை உருட்டிவிட்டார்.

பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"பாப்பா, நீ இப்ப எங்க இருக்கற?"

"நம்ம வீட்ல."

"பாண்டிச்சேரியில இருக்கற. படுத்த எடத்தைவிட்டு அசையல, ஸ்டேட்டே மாறிட்ட பாரு."

"அப்ப எனக்கு ஆகஸ்ட் பதினாறு லீவா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது பள்ளிக்கூடத்தைப் பொறுத்தது" என்றார். அந்த ஒரு பதிலிலேயே இந்தத் திட்டத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை பாதி போய்விட்டது.

வெயில் தாழ்ந்தபோது சாமி திரும்பியது. தெற்கிலிருந்து மேளம் நெருங்கி வந்து, எங்கள் வீட்டின் தெற்கு மூலையில் சட்டென்று நின்றது. ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்த்தேன். இந்தாண்டக்காரர்கள் கல்லைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்கள். காத்திருந்த அந்தாண்டக்காரர்களும் ஏற்கெனவே அந்தக் கல்லருகேதான் நின்றிருந்தார்கள். கல் இருக்கும் இடத்தில்தானே நிற்க வேண்டும். எதிர்வீட்டு மாமா மட்டும் தன் வாசலில் தேங்காயும் கையுமாக நின்றார். சாமி ஒரு வீடு முன்னாலேயே நின்றுவிட்டது அவருக்குப் புரியவில்லை.

"இன்னாப்பா, அங்கியே நிப்பாட்டிட்டீங்க?"

"கல்லு இங்கதான இருக்குது மாமா" என்றார் மேளக்காரர்களில் ஒருவர்.

மாமா கல்லைப் பார்த்தார். தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் கல்லைப் பார்த்தார். ஊரே காத்துக்கொண்டிருந்தது. "கண்ணு வரவர மோசமாயிட்டே போவுது" என்று முணுமுணுத்தபடி, தேங்காயோடு நடந்து வந்து கல்லின் முன்னால் உடைத்தார். அந்தாண்ட மேளம் எடுத்துக்கொண்டது. சாமி நகர்ந்தது. கல் நகர்ந்திருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருத்திக்குத் தோன்றியது. அம்மா கூட்டத்தில் நின்றபடியே வைக்கோல் கட்டைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற சித்தப்பாவின் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எடுத்த எடத்துல வெச்சிடு தம்பி" என்றாள் வீட்டுக்குள் வந்ததும்.

"அவுங்க வந்து பாத்துட்டுப் போகட்டும் அண்ணி. அதுக்கப்புறம் வெச்சிடறேன்."

அக்கா கூடத்தில் நடப்பதை நிறுத்தியிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவர்கள் வந்தார்கள். வருவாய் ஆய்வாளர் ஒருவர். அவரோடு சங்கிலியும் சுருட்டிய படமுமாக ஒரு சர்வேயர். சர்வேயர் நேராக வாய்க்கால் மதகுக்குப் போனார். அங்கிருந்து கோவில் குளத்து மூலைக்கு அளந்தார். அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வந்தார். கல்லை அவர் பார்க்கவே இல்லை. ஆய்வாளர் பார்த்தார், அதன் மேல் உட்கார்ந்து அம்மா கொடுத்த மோரைக் குடித்தார்.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்க உக்காந்துருக்கறதுதான் எல்லைக்கல்லு."

"அப்படியா?" அவர் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். "எல்லா இடமும் காஞ்சு கிடக்குது. இங்க மட்டும் புது மண்ணா ஒட்டுதேப்பா."

"ஊரையே கேட்டுப் பாருங்க சார். மாசி மகத்துக்குச் சாமி இந்த எடத்துலதான் நின்னுது."

எதிர்வீட்டு மாமா தானாகவே இறங்கி வந்தார். "ஆமா சார். எங்க அப்பா காலத்துலேர்ந்து கல்லண்டதான் ஒடைக்கறோம். போன வாரம் இங்கதான் நான் தேங்கா ஒடச்சேன்" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் கற்பூரம் அணைக்காத குறையாகச் சொன்னதைக் கேட்டு ஆய்வாளரே கொஞ்சம் அசந்துவிட்டார்.

சர்வேயர் அசரவில்லை. "கல்லு எங்க வேணும்னாலும் இருக்கட்டுங்க. நான் படத்தைத்தான் பாப்பேன்" என்றபடி சங்கிலியை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். கோடு தெருவில் கல் நின்ற பழைய இடத்தில் வந்து, அங்கிருந்து சாய்ந்து, கூடத்து ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து, கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே போய், கிணற்றடியில் வெளியேறியது. அடுக்களை, தாத்தா பிற்பாடு அந்தாண்டக்காரர் ஒருவரிடம் மனைத் துண்டு ஒன்றை வாங்கிச் சேர்த்துக் கட்டியது. அந்தத் துண்டு வேறு மாநிலம் என்பதை அவர் யோசிக்கவில்லை, அல்லது அப்போது அது வேறு தேசமாக இருந்திருக்கலாம். கூடம் தமிழ்நாடு. அடுக்களை பாண்டிச்சேரி. சித்தப்பா அந்தக் கல்லைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

ஆய்வாளர் கூடத்தில் நின்று தலையைச் சொறிந்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"அடுப்பு எந்தப் பக்கம்மா?"

"உள்ள சார். அடுக்களையில."

"அப்ப குடும்பமே பாண்டிதான். எங்க சமைக்கறாங்களோ அங்கதான் குடியிருப்பு. ஒரு அடுப்பு, ஒரு கார்டு."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி, கால் வலியில் நான் கத்தியதும் இறக்கிவிட்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். ஆய்வாளர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வீட்ல யார் யாரு? இவர்?"

"என் கொழுந்தன் சார்."

"இதே அடுப்புலதான சாப்பிடறாரு? அப்ப இவரும் பாண்டிதான். அந்தப் பக்கம் ரேஷன் கார்டு, எம்ப்ளாய்மெண்ட் பதிவு அது இதுன்னு இன்னா இருந்தாலும் ரத்து பண்ணிட்டுக் காகிதம் கொண்டாங்க. ஒரு ஆளு ரெண்டு பக்கமும் இருக்க முடியாது."

சித்தப்பாவின் கை சட்டைப்பையைத் தொட்டது. கொசு கடித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். "அப்படின்னா வேணாம் சார்" என்றாள். "அவன் ஒம்போது வருஷமா காத்துக்கினு இருக்கறான்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவின் மேலிருந்த அவளுடைய விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அந்த மௌனம் எனக்கு இரண்டு மேளத்துக்கும் நடுவிலுள்ள மௌனத்தைப் போலவே இருந்தது. யாராவது தேங்காய் உடைக்க வேண்டும் போலிருந்தது.

சித்தப்பா சிரித்தார். "எனக்குத் தனி அடுப்பு சார்."

"எங்க?"

"இதோ, கூடத்துலதான். ரிப்பேருக்குப் போயிருக்குது."

ஆய்வாளர் காலியான கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அக்காவையும் பார்த்தார். பிறகு படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த சர்வேயரிடம், "அடுத்த வாரம் இந்தப் பக்கம் வர்ற வேலை இருக்குதுல்ல?" என்றார். சித்தப்பாவிடம், "வந்து பாப்பேன். அடுப்பு மட்டும் இருந்தாப் பத்தாது. சட்டி கரி புடிச்சிருக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலமே சித்தப்பா கடலூருக்குப் போய் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாகம் பிரிச்ச வூடு மாதிரி இருக்குதேடா."

"நாலு நாள் நாடகம்ண்ணா. அவ சீட்டு வாங்கட்டும், தூக்கிப் பரண்ல போட்டுடலாம்."

அந்த நாலு நாளும் எனக்குத் திருவிழாதான். சித்தப்பா உப்புமா கிண்டினார், அடிப்பிடித்தது. சட்டிக்கு அதுதான் வேண்டும் என்று சந்தோஷப்பட்டார். நாங்கள் எல்லோரும் கூடத்திலேயே அதைத் தின்றோம். அவருடைய கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்து அக்கா பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ஆய்வாளர் சொன்னபடி வந்தார். மூடியைத் திறந்தார். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "உப்பு ஜாஸ்தி" என்றார். சான்றிதழ் கிடைத்தது. மழைக்கு முன்னால் அக்காவுக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்தது.

கல்லைச் சித்தப்பா ஒரு மத்தியானம் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அதையும் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த மாசி மகத்தில் மேளம் பழைய இடத்தில் மாறியது. எதிர்வீட்டு மாமா தன் வாசலில் நின்றபடியே தேங்காய் உடைத்தார். கண்ணாடி போட்ட பிறகு பார்வை தெளிவாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார்.

ஸ்டவ் பரணுக்குப் போகவில்லை. வருடா வருடம் வந்து பார்ப்பார்களாம் என்று யாரோ சொன்னார்கள். அக்கா படிப்பு முடியும் வரை இருக்கட்டும் என்றார் சித்தப்பா. அதற்குள் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்க வந்தவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேரிடம் கேட்டார்கள். தலைக்கட்டு என்றால் குடும்பம். குடும்பம் என்றால் அடுப்பு.

"அது சும்மா சர்ட்டிபிகேட்டுக்காக வெச்சதுப்பா" என்றாள் அம்மா.

"அடுப்பு ரெண்டு இருக்குது இல்ல அண்ணி?" என்றார்கள். அவர்கள் கேட்டதில் விஷமம் ஒன்றுமில்லை. கல் எங்கே இருக்கிறதோ அங்கே மேளத்தை நிறுத்தியவர்கள் அவர்கள்.

அதன் பிறகு கல்யாணப் பத்திரிகைகள் இரண்டாக வந்தன. கோவில் பொங்கல் இரண்டு இலையில் வந்தது. சித்தப்பாவுக்கு அழைப்பு மட்டும் வரவில்லை. பதிவை அவர் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். நடுவே நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்குச் சீட்டு எழுதும் வேலைக்குப் போனார். வெட்டு முடிந்தால் வேலையும் முடியும். பிறகு சித்தி வந்தாள். அவள் வந்தபோது அடுப்பு ஏற்கெனவே தனியாக இருந்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று அவளும் தன் பாத்திரங்களைக் கூடத்தில் அடுக்கினாள். இன்று அந்த வீட்டுக்கு நடுவே ஒரு சுவர் இருக்கிறது. யாரும் சண்டை போட்டுக் கட்டியதல்ல. சாலை விரிவாக்கத்தில் கல் பாதிக்கு மேல் தாருக்குள் புதைந்துவிட்டது. தலை மட்டும் தெரிகிறது. நில அளவைப் படத்தின் நகலை வைத்துக்கொண்டு ஒருமுறை அளந்து பார்த்தேன். சுவர் சர்வேயரின் கோட்டில் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, கதவு நிலை இருந்த இடத்தில் நிற்கிறது. அந்தக் கோடு எனக்குத் தெரியும். அது எந்தப் படத்திலும் இல்லை.

ஸ்டவ் வந்த முதல் வாரத்தில், கால் சரியாகாமல், விளையாடப் போக முடியாமல் புழுங்கிக்கொண்டிருந்த நான் கண்டுபிடித்த விளையாட்டு அது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே, நிலைக்கு நேராக, சாக்பீஸால் ஒரு கோடு. அதற்குக் கீழே அன்றைய தேதி. எல்லைக்குத் தேதி வேண்டும் என்பது அப்போதே என் கட்சி. கோட்டருகே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, தாண்டுகிறவர்களிடம் சீட்டு கேட்பேன். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போவாள். சித்தப்பா பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட்டை எடுத்துப் பணிவாக நீட்டுவார். நான் கிழித்துக் கொடுப்பேன். ஒரே காலில் குதித்துப் பாண்டிச்சேரிக்குள் போய், பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, மறுபடி குதித்துத் தமிழ்நாட்டுக்கு வருவார். கால் சரியாகிப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அந்தக் கோட்டை நான் விடவில்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாள், அவர் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார். கையில் காலி டம்ளர்.

"அண்ணி, கொஞ்சம் தண்ணி குடுங்க."

"உள்ள வந்து மொண்டுக்கயேன் தம்பி" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

"பாப்பா சீட்டு கேக்கும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் ஆட்டத்தை ஒரு பெரியவர் இவ்வளவு ஒழுங்காக ஆடுகிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். பிறகு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றாள்.

மறுநாள் காலையில் எழுந்தபோது கோடு இல்லை. நிலையடி ஈரமாக இருந்தது. நான் சாக்பீஸை எடுத்து மறுபடியும் போட்டு, புதுத் தேதியை எழுதினேன். அதற்கடுத்த நாளும் அழிந்திருந்தது. மறுபடியும் போட்டேன். சாக்பீஸ் தீர்ந்து, எனக்கு அந்த ஆட்டம் அலுத்துப்போகும் வரை இப்படியே நடந்தது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து, வேறெங்கும் துடைக்காமல், அந்த ஓர் இடத்தை மட்டும் அம்மா ஈரத்துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் பாயில் படுத்தபடியே பார்த்தேன். அம்மாவுக்குத் தரை அழுக்காக இருந்தால் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.